கனடாவின் ப்ரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளிக் கிராமங்களில் டீச்சராக இருந்த பாட்டிமார்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

1920, 30களின் சஸ்காட்செவன் மாகாணத்தை வைத்துச் சொல்கிறேன். கோதுமை வயல்களுக்கு நடுவே ஓரறைப் பள்ளிக்கூடங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன.

டீச்சர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண். ரெஜைனா, மூஸ் ஜா போன்ற ஊர்களில் பயிற்சி முடித்து நேரே வேலைக்கு வந்துவிடுவார். ஒன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில்தான். பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, சின்னதுகளுக்கு எழுத்துச் சொல்லித் தர வேண்டும். உக்ரைனிய, ஜெர்மன் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலமே பள்ளியில்தான் அறிமுகம். குளிர் மைனஸ் 30க்கும் கீழே போகும். பல இடங்களில் காலையில் அடுப்பு மூட்டுவதும் டீச்சர்தான். தங்குவது யாராவது ஒருவரின் பண்ணை வீட்டில். கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சி சொதப்பினால் போச்சு, ஊர் அதை வைத்துத்தான் அவரை எடை போடும்!

1930களில் வறட்சி வந்தது, கோதுமை விலையும் விழுந்தது. சம்பளத்துக்குப் பதில், 'பிறகு தருகிறோம்' என்று எழுதிக் கொடுத்த கடன் சீட்டை வாங்கியவர்கள் உண்டு. இதைவிட எனக்கு அநியாயமாகப் படுவது, பல இடங்களில் கல்யாணமானதும் வேலையை விடச் சொன்னதுதான். அப்புறம் இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அதே பெண்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

1944க்குப் பிறகு பள்ளி வட்டாரங்களை இணைத்தார்கள், பஸ் வந்தது, ஓரறைப் பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. மாகாணத்தின் 75ஆம் ஆண்டான 1980ஐ ஒட்டி ஊர் ஊராக வரலாற்று நூல்கள் வெளிவந்தன. அதற்குள் பாட்டியாகிவிட்ட இந்த டீச்சர்களின் நினைவுக்குறிப்புகளும் அவற்றில் இருக்கின்றன.