மங்கிய எழுத்து: தேய்மானமா, அச்சுக் குறையா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே ஒரு நாணயக் கண்காட்சியில் 1812-ம் ஆண்டு அமெரிக்க அரை டாலர் வெள்ளிக் காசு ஒன்றைப் பார்த்தேன். காசின் தரத்தை மதிப்பிடும் கிரேடிங் நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில் ஏயூ 50 (லேசாக மட்டுமே தேய்ந்தது என்று சொல்லும் தர எண்) என்று போட்டிருக்கிறது. ஆனால் பின்பக்கத்தில் கழுகின் தலைக்கு மேலுள்ள பட்டையில் பாதி எழுத்துகளைக் காணோம். முன்பக்கத்தில் இருக்கும் லிபர்ட்டி என்ற பெண்ணுருவத்தின் தோளில் உடையைப் பிடிக்கும் கொக்கியும் தட்டையாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் தெளிவு. கிரேடைக் கூட்டிப் போட்டுவிட்டார்களா? வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொன்ன இடங்களை வைத்துப் பார்த்தால் அது தேய்மானமாக இருக்க வாய்ப்பு குறைவு. அமெரிக்கக் காசை மேலிருந்து கீழாகப் புரட்டினால்தான் பின்பக்கம் நேராக நிற்கும். அப்படிப் புரட்டிப் பாருங்கள், கொக்கிக்கு நேர் பின்னால் அந்தப் பட்டை வரும். காசை இரு பக்கமும் அடிக்கும் இரண்டு அச்சிலும் ஆழமான பள்ளங்கள் எதிரெதிரே அமைந்துவிட்டதால், நடுவிலிருந்த வெள்ளி இரண்டையும் நிரப்பப் போதவில்லை. இந்தக் காசு அடிக்கப்பட்ட பிலடெல்பியா நாணயச் சாலைக்கு நீராவியில் காசு அடிக்கும் இயந்திரம் வந்ததே 1836-ல்தான். அதுவரை ஆட்கள் கையால் சுழற்றிய திருகு இயந்திரம்தான், அதனால் அழுத்தம் ஒரே சீராக விழாது. அச்சுகள் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும்.

கைபட்டுத் தேய்ந்த காசு வேறு மாதிரி இருக்கும். கன்னம், காதுக்கு மேலுள்ள முடி, தொப்பி, இறகின் விளிம்பு என்று மேடான இடமெல்லாம் சேர்ந்தே மழுங்கும். ஒரே ஒரு விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சாய்த்து, மங்கிய இடத்தை லென்ஸில் பாருங்கள். அச்சு சரியாகத் தொடாத இடத்தில் வெள்ளி வில்லையில் முன்பே இருந்த சொரசொரப்பும் கீறலும் அப்படியே நிற்கும். தேய்ந்த இடம் வழவழவென்று இருக்கும். எனக்கு இந்தக் காலத்துக் காசுகள் மேல் தனிப் பிரியம் வந்ததே இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான்.

இன்னொன்று. 1804-க்குப் பிறகு 1836 வரை அமெரிக்காவில் புழக்கத்துக்கு வெள்ளி டாலர் அடிக்கவே இல்லை. அரை டாலர்கள்தான் வங்கிகளின் இருப்பாக மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அதனால் அதிகம் தேயாத காசுகள் நிறையவே மிஞ்சியிருக்கின்றன.

சரி, கிரேடு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் விலை வேறு விஷயம். புழங்கிய காசின் கிரேடு முக்கியமாகத் தேய்மானத்தைத்தான் சொல்கிறது. அச்சு எவ்வளவு முழுமையாக விழுந்தது என்பதை அந்த எண்ணைப் பார்த்து முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. அதே ஏயூ 50-ல் எழுத்து முழுதாகத் தெரியும் காசுக்கும் இதற்கும் ஒரே விலை கொடுக்காதீர்கள். நாளை விற்கப் போனால் வாங்குபவரும் முதலில் அந்தப் பட்டையைத்தான் பார்ப்பார்.

1794 டாலர் என்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். மொத்தமே 1,758 காசுகள்தான் வெளிவந்தன. இயந்திரத்துக்கு அவ்வளவு பெரிய காசை அடிக்கும் வலு இல்லாததால் இடப்பக்க நட்சத்திரங்கள் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். அதைச் சகித்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். 1812 அரை டாலரோ 16 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. விற்பவர் விலையைக் குறைக்காவிட்டால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.