சாண்டா ஃபே பாதையில் நீங்கள் வண்டி ஓட்டியிருந்தால் மலைவழியா, சிமரோன் குறுக்குவழியா?

1840-களில் மிசூரியிலிருந்து துணிமணியும் இரும்புச் சாமானும் ஏற்றிப்போகும் வியாபாரியாக இருந்தால், யோசிக்காமல் சிமரோன் என்பேன்.

தெரியாதவர்களுக்காக: மிசூரியையும் அன்றைய மெக்சிகோவின் சாண்டா ஃபேயையும் இணைத்த இந்த வணிகப் பாதை, மேற்குக் கான்சாஸில் ஆர்கன்சா ஆற்றோரம் இரண்டாகப் பிரியும். ஆற்றை ஒட்டியே போய், பென்ட்ஸ் கோட்டையில் இளைப்பாறி, ரட்டோன் கணவாயைத் தாண்டுவது மலைவழி. ஆற்றைக் கடந்து தென்மேற்கே போவது சிமரோன். ஏறக்குறைய 100 மைல் மிச்சம். ஆனால் சிமரோன் ஆற்றைத் தொடும்வரை சுமார் 60 மைலுக்குப் பொட்டுத் தண்ணீர் கிடையாது.

அந்த 60 மைல்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. பயப்படவும் காரணம் உண்டு. அமெரிக்க மேற்குப் பகுதியை அலசித் தீர்த்த ஜெடிடையா ஸ்மித்தே 1831-ல் அங்கே தண்ணீர் தேடிப் போன இடத்தில் கொமான்சிப் பழங்குடியினரிடம் உயிரை விட்டார். ஆனாலும் வறட்சி எத்தனை தூரம் என்று முன்கூட்டியே தெரியும். அதனால் ஆற்றங்கரையிலேயே ஒரு நாள் தங்கி, ஐந்து காலன் பீப்பாய்களை நிரப்பி, இரண்டு நாள் சாப்பாட்டையும் சமைத்துக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். மாடு தாங்குமா என்பதுதான் கவலை. அப்புறம் சக்கரம். அந்தக் காய்ந்த காற்றில் மரம் சுருங்கி வட்டையிலிருந்து இரும்புப் பட்டா கழன்றுவிடும். இடுக்கில் ஆப்பு அடித்து ஓட்ட வேண்டியதுதான்.

ரட்டோனில் இப்படி முன்கூட்டியே செய்து வைக்க எதுவும் இல்லை. இரண்டு டன்னுக்கு மேல் பாரம் உள்ள வண்டியை, சக்கரத்தைச் சங்கிலியால் பூட்டி, பின்னால் ஆட்கள் கயிறு பிடித்து அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். அச்சு முறிந்தால் சரக்கு நடுமலையில். 1821-ல் பொதிகுதிரைகளோடு மலை வழியாகப் போன வியாபாரி வில்லியம் பெக்னெல், அடுத்த வருஷம் வண்டி கொண்டுபோனபோது சிமரோன் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமே இல்லை.

குடும்பத்தோடு போனால் வேறு பேச்சு. குழந்தைகளை வைத்துக்கொண்டு பீப்பாய்த் தண்ணீரை நம்ப மாட்டேன், மலைவழிதான். 1846-ல் மெக்சிகோவோடு போர் வந்தபோது அமெரிக்க ஜெனரல் கியர்னியும் தன் படையை ரட்டோன் வழியாகவே நடத்திப் போனார். அத்தனை ஆளுக்கும் குதிரைக்கும் தண்ணீரும் புல்லும் வேண்டுமே.

கேள்வி 1866-க்குப் பிந்தைய காலத்தைப் பற்றியதானால் வியாபாரிக்கும் என் பதில் மாறும். அதற்குள் டிக் வூட்டன் என்பவர் கணவாயில் பாறையை வெட்டிச் சாலை போட்டு, குறுக்கே சங்கிலி கட்டிச் சுங்கம் வசூலிக்க ஆரம்பித்துவிட்டார். வண்டிக்கு ஒன்றரை டாலர். கொடுத்துவிட்டுப் போவேன்.