கட்டணப் பட்டியலைப் பக்கவாட்டிலிருந்து கீழ்நோக்கித் திருப்புவது எப்படி?

கேள்வி: உட்லண்ட்ஸில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பின் கட்டணக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறேன். மாதங்கள் இடப்பக்கத்தில் கீழ்நோக்கி இருக்கின்றன. மாணவர் பெயர்கள் மேல் வரிசையில் நீண்டுகொண்டே போகின்றன. பெயர்கள் கீழ்நோக்கி வர வேண்டும் என்கிறார் பொருளாளர். எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டுமா?

பதில்: ஓர் எண்ணைக்கூட மறுபடி தட்ட வேண்டாம். பொருளாளர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எக்செல்லின் வடிகட்டும் வசதி மேலிருந்து கீழாகத்தான் வேலை செய்யும்.

தலைப்புகளையும் சேர்த்துப் பட்டியல் முழுவதையும் தெரிவு செய்து, கன்ட்ரோல், சி இரண்டையும் அழுத்தி நகலெடுங்கள். 'கட்' செய்தால் இது நடக்காது. பிறகு ஒரு புதிய தாளில், காலிக் கட்டம் ஒன்றில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'பேஸ்ட் ஸ்பெஷல்' பெட்டியைத் திறந்து, 'டிரான்ஸ்போஸ்' என்பதைக் குறியிட்டு ஓகே கொடுங்கள். கூகல் ஷீட்ஸிலும் 'பேஸ்ட் ஸ்பெஷல்' பகுதியில் இந்த வசதி உண்டு. எக்செல்லில் அந்தத் தெரிவு மங்கலாகத் தெரிந்தால், உங்கள் பட்டியல் 'டேபிள்' வடிவில் இருக்கக்கூடும். 'டேபிள் டிசைன்' பகுதியில் 'கன்வர்ட் டு ரேஞ்ச்' கொடுத்துவிட்டு மறுபடி நகலெடுங்கள்.

இப்படிக் கிடைப்பது நகல்தான். பழைய தாளில் பிறகு செய்யும் திருத்தம் இதில் வராது. வர வேண்டுமென்றால் டிரான்ஸ்போஸ் சூத்திரம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 365, எக்செல் 2021 ஆகியவற்றில் ஒரே கட்டத்தில் எழுதி என்டர் தட்டினால் போதும். எக்செல் 2019, அதற்கு முந்தியவற்றில், திருப்பிய பட்டியலுக்குத் தேவையான கட்டங்களை முதலில் தெரிவு செய்து, சூத்திரத்தை எழுதியபின் கன்ட்ரோல், ஷிப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

கட்டணக் கணக்குக்கு நான் அந்தச் சூத்திரத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அது காலிக் கட்டங்களைப் பூஜ்யமாகக் காட்டும். மார்ச் மாதம் சேர்ந்த பிள்ளைக்கு ஜனவரி, பிப்ரவரி கட்டங்கள் காலியாக இருக்கும். திருப்பியதும் அங்கே 0 நிற்கும். பார்ப்பவர் அதை இரண்டு மாத நிலுவை என்றே எடுத்துக்கொள்வார். கடன்படாத பெற்றோருக்கு நினைவூட்டல் போய்விடும். பணம் சம்பந்தப்பட்ட தாளில் இந்தக் குழப்பமே வேண்டாம். தவிர, சூத்திரம் தந்த கட்டங்களுக்குள் புதிய தொகையை நேரடியாக எழுதவும் முடியாது.

ஆகவே ஒருமுறை நகலெடுத்துத் திருப்புங்கள். ஒவ்வொரு மாணவரின் மொத்தக் கட்டணத் தொகையும் இரண்டு தாள்களிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் பழைய தாளை மறைத்துவிட்டு, அடுத்த மாதக் கட்டணத்தைப் புதிய தாளில் மட்டும் பதியுங்கள்.