ஆற்றில் முழுகி எழுந்தால் உலகமே சுற்றுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் திருவையாறு பக்கம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் படித்துறையில்தான் குளியல். இரண்டு வருடமாக ஒரு தொல்லை. முழுகி எழுந்ததும் தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது. ஓரிரு நிமிடம் படியைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரியாகிவிடும். வீட்டில் வெந்நீரில் குளித்தால் ஒன்றும் இல்லை. சின்ன வயதில் இடது காதில் சீழ் வடியும். இப்போது சளி பிடித்தால் மட்டும் கொஞ்சம் கசியும். பிரஷர், சர்க்கரை இரண்டும் இல்லை. பித்தம் என்று சொல்லி அம்மா வாரம் ஒரு முறை காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விடுகிறார். தலைசுற்றலுக்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. உங்கள் விஷயத்தில் பித்தத்தைவிட இடது காதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிறு வயதுச் சீழ், சளி பிடித்தால் கசிவு, குளிர்ந்த தண்ணீரில் மட்டும் சுற்றல் எல்லாம் சேர்ந்தால், காது ஜவ்வில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம்.

காதுத் துளையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே போனால் ஜவ்வு. ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய சிறு அறை, நடுக்காது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் ஜவ்வின் அதிர்வை அங்கிருந்து உட்காதுக்குக் கடத்துகின்றன. மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழல் இந்த அறைக்கு வருகிறது. சளி பிடித்தால் உங்களுக்குக் காது கசிவது அந்த வழியாகத்தான். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் அடிக்கடி சீழ் பிடிக்கும்.

உட்காதில் இரண்டு கருவிகள் ஒட்டிப் பிறந்தவைபோல் இருக்கின்றன. நத்தை ஓடுபோல் சுருண்டிருப்பது கேட்பதற்கு. அதை அடுத்துள்ள மூன்று அரைவட்டக் குழல்கள், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வதற்கு. குழல்களுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பினால் திரவம் சற்றுப் பின்தங்கும். அங்குள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் வளைந்து சேதி அனுப்பும். சும்மா இருக்கும்போதும் இரு காதுகளும் சம அளவில் சேதி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். மூளை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்று குறைந்தாலோ கூடினாலோ 'தலை சுழல்கிறது' என்று முடிவு கட்டிவிடும்.

மூன்றில் படுக்கை வசமாக உள்ள குழல் நடுக்காதை ஒட்டியே இருக்கிறது. ஜவ்வில் ஓட்டை இருந்தால் ஆற்றுத் தண்ணீர் நேராக அதன் சுவரைத் தொட்டுக் குளிரவைக்கும். குளிர்ந்த திரவம் கனத்துக் கீழே இறங்கும், உள்ளே ஓட்டம் உண்டாகும். தலை அசையாமலே சுற்றல் வந்துவிடும். நல்ல காதுள்ளவருக்கு இரு பக்கமும் ஒரே அளவில் குளிர்வதால் கணக்கு நேராகிவிடுகிறது. ஒரு காதை மட்டும் குறும்பி முழுதாக அடைத்திருந்தாலும் இதே வம்பு வரலாம்.

வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர், காது கழுவும் தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு விதமாகவும் சூடாக இருந்தால் அதற்கு எதிராகவும் கண்கள் ஆடுவதைக் கவனித்தே இதைக் கண்டுபிடித்தார். 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யப் போர்க்கைதி முகாமில் இருந்தார். இன்றும் அந்தச் சோதனையை 30 டிகிரி, 44 டிகிரித் தண்ணீரில் செய்கிறோம். உடல் சூட்டிலிருந்து 7 டிகிரி விலகினாலே போதும். வீட்டில் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.

எனக்குக் கவலை சுற்றலைப் பற்றியல்ல, ஆற்றைப் பற்றி. எது மேல், எது கீழ் என்பதைக் கண், பாதம், காது மூன்றையும் வைத்து அறிகிறோம். புதுத்தண்ணீர்க் கலங்கலில் கண் தெரியாது. மிதக்கும்போது காலடியில் தரை இல்லை. மிச்சம் இருக்கும் காதும் பொய் சொன்னால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மேலே வருவதாக நினைத்து ஆழத்துக்குப் போவார். ஆகவே முழுக்கு, நீச்சல் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பஞ்சில் வாஸ்லின் தடவிக் காதை அடைத்துக்கொண்டு சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். குளித்ததும் பஞ்சை எறிந்துவிடுங்கள். நீச்சலுக்கு இந்தப் பஞ்சு தாங்காது.

எண்ணெயை அம்மா இன்றோடு நிறுத்தட்டும். ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் போய்க் கிருமிக்கு இடம் கொடுக்கும். பட்ஸ், கோழி இறகு, ஊக்கு எதுவும் வேண்டாம். தலைசுற்றல் மாத்திரையும் வீண்; அது கரைவதற்குள் சுற்றல் நின்றுவிடும்.

கசிவு இருந்தால் மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சொட்டு மருந்து எழுதுவார். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் தொடாதீர்கள். ஓட்டையுள்ள காதில் அவை மயிர்ச் செல்களையே கெடுக்கலாம். மருந்து விடுமுன் பாட்டிலை உள்ளங்கையில் இரண்டு மூன்று நிமிடம் பொத்தி வையுங்கள். குளிர்ந்த சொட்டும் ஆற்றுத் தண்ணீர் செய்ததையே செய்யும். ஒருக்களித்துப் படுத்து, சுத்தமான மெல்லிய துணித் திரியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, சொட்டு விட்டபின் காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு குருத்தை நாலைந்து முறை அமுக்குங்கள். ஐந்து நிமிடம் அப்படியே கிடங்கள்.

அந்தக் குருத்தைத் தொட்டாலே சுற்றுகிறதா? கசிவு கொஞ்சமாக, ஆனால் அழுகல் நாற்றத்தோடு இருக்கிறதா? அப்படியானால் கதை வேறு. எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சி உள்ளே இருந்து, அரைவட்டக் குழலின் சுவரையே துளைத்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணுதல், காதின் பின்புறம் வீக்கம், காய்ச்சலோடு கடும் தலைவலி, திடீரென்று காது கேளாமை இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்றபடி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால் மைக்ராஸ்கோப்பில் ஓட்டை எங்கே, எவ்வளவு என்று பார்த்துவிடுவார்கள். கேட்கும் திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். போனை எப்போதும் வலது காதிலேயே வைக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பலருக்கு ஒரு காது மந்தமானது இப்படித்தான் தெரியவரும். ஓட்டை நடுவில் இருந்து, காது சில வாரங்களாவது காய்ந்திருந்தால், காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து அடைத்துவிடலாம். பெரும்பாலோருக்கு ஜவ்வு பிடித்துக்கொள்ளும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், நெல் மூட்டை தூக்கக் கூடாது. மறுபடி ஆற்றில் இறங்குவது, ஜவ்வு முழுதாக மூடிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.