எதை எதால் வகுப்பது? வரைபடம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பிளஸ் டூ செய்முறை ஏட்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையை மாவட்டவாரியாக நிறம் தீட்டினேன். ஆள் தொகை அதிகமுள்ள மாவட்டத்துக்குக் கருநிறம். எண்களில் பிழையில்லை, ஆனாலும் ஆசிரியை ஏற்கவில்லை. ஏன்? (மாணவி, திண்டிவனம்)

எண்கள் சரிதான். அவற்றை நிறத்தில் காட்டியதுதான் தவறு. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்தில் 34.58 லட்சம் பேர். கோவை மாவட்டத்திலும் அதே 34.58 லட்சம். உங்கள் படத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம் விழுந்திருக்கும். ஆனால் விழுப்புரத்தின் அன்றைய பரப்பு 7,194 சதுர கி.மீ., கோவையுடையது சுமார் 4,730. ஆக, சதுர கிலோமீட்டருக்கு விழுப்புரத்தில் 481 பேர், கோவையில் 731 பேர். நிறம் மாவட்டத்தின் பரப்பு முழுவதையும் மூடுவதால், பார்ப்பவர் அதை நெருக்கமாகத்தான் எடுத்துக்கொள்வார். அதனால் நிறம் தீட்டும் படத்துக்கு அடர்த்தி, விழுக்காடு போன்ற வகுத்து வந்த எண்களையே பயன்படுத்த வேண்டும்.

மொத்தத் தொகையைத்தான் காட்டியாக வேண்டும் என்றால் மாவட்டத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். ஆரம், தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையட்டும்: தொகை 4 மடங்கானால் ஆரம் 2 மடங்கு. ஆரத்தையே 4 மடங்காக்கினால் வட்டம் 16 மடங்கு பெரிதாகிவிடும். பல ஏடுகளில் இந்தப் பிழை உண்டு.

அடர்த்திப் படம் வரைய, முதலில் அன்றைய 32 மாவட்டங்களையும் அடர்த்தியின் ஏறுவரிசையில் எழுதுங்கள். நீலகிரி 300-க்குச் சற்றுக் கீழே தொடங்கும். கன்னியாகுமரி 1,111. அதற்கு மேலே சென்னை மட்டும்: 26,553. இந்த வரிசையைப் பார்க்காமல் மொத்த வீச்சை (மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக உயர்ந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியை) ஐந்து சம பங்காக வெட்டினால் ஒவ்வொரு பங்கும் ஏறத்தாழ 5,250 அகலம் வரும். 31 மாவட்டங்களும் முதல் பங்குக்குள் விழுந்து, படம் முழுக்க வெளிறி, சென்னை மட்டும் கருப்பாக நிற்கும். மாவட்டங்களின் எண்ணிக்கையைச் சமமாகப் பிரித்தாலோ கன்னியாகுமரியும் சென்னையும் ஒரே நிறத்தில் சேர்ந்துவிடும். இரண்டும் வேண்டாம். 400-க்குக் கீழ், 400–599, 600–799, 800–1,199 என நான்கு பிரிவு வைத்து, சென்னையைத் தனிப் பிரிவாகக் காட்டுங்கள். முறையே 13, 7, 7, 4, 1 என மாவட்டங்கள் அமையும்.

பிரிவு எல்லைகளை 400–600, 600–800 என்று எழுதாதீர்கள். சரியாக 600 வந்தால் எதில் சேர்ப்பது? ஒரே நிறத்தின் வெளிர் முதல் கரு வரையான சாயல்களே போதும். சிவப்பும் பச்சையும் கலந்தால் ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். தகவல் இல்லாத இடத்தை வெள்ளையாக விடாமல் சாய்கோடு போடுங்கள். வெள்ளை என்றால் மிகக் குறைவு என்று படிப்பார்கள். ஆண்டைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: கடையில் 38 மாவட்டப் படம்தான் கிடைக்கிறது. அதில் 2011 எண்களைப் போடலாமா? (ஆசிரியர், தென்காசி)

நேரடியாகப் போடக்கூடாது. 2011-இல் தென்காசி மாவட்டமே கிடையாது. அதன் மக்கள் திருநெல்வேலிக் கணக்கில் இருக்கிறார்கள். தாலுகா வாரியான 2011 எண்களை எடுத்து, இன்றைய மாவட்டத்துக்குள் வரும் தாலுகாக்களைக் கூட்டுங்கள். தாலுகாவே பிரிந்திருந்தால் கிராமப் பட்டியல் வரை இறங்க வேண்டும். பரப்பையும் அதேபோல் கூட்டுங்கள்.

சென்னையில்தான் அதிகம் வழுக்கும். 2011-இல் 46.47 லட்சம் பேர் என்பது 175 சதுர கி.மீ. கொண்ட பழைய மாவட்டத்துக்கான எண். 2018-இல் மாவட்டம் 426 சதுர கி.மீ.யாக விரிந்தது. பழைய தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால் அடர்த்தி 10,900 என்று வரும். சேர்ந்த பகுதியின் மக்களை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் கணக்கில் எடுத்ததன் விளைவு அது. தொகையும் பரப்பும் ஒரே எல்லைக்குரியவையா என்று பார்த்த பிறகே வகுக்க வேண்டும்.

கேள்வி: எகிப்தின் மக்கள் அடர்த்தி தமிழ்நாட்டைவிடக் குறைவாமே? கெய்ரோவில் அவ்வளவு நெரிசல் இருக்கும்போது எப்படி? (வாசகர், மதுரை)

எகிப்து சுமார் 10 லட்சம் சதுர கி.மீ. மக்கள் 10 கோடிக்கு மேல். வகுத்தால் நூற்றுச் சொச்சம். தமிழ்நாட்டுக்கோ 2011-இலேயே 555. ஆனால் அந்த நிலத்தில் பெரும்பங்கு பாலைவனம். ஏறத்தாழ 95 விழுக்காட்டு மக்கள் நைல் பள்ளத்தாக்கிலும் டெல்டாவிலுமாக, நாட்டின் 5 விழுக்காடு நிலத்தில் வாழ்கிறார்கள். அந்த 50,000 சதுர கி.மீ.க்கு மட்டும் கணக்கிட்டால் 1,900-ஐத் தாண்டும். ஒரு நாட்டின் நிலம் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதை அறிய மொத்த மக்களைச் சாகுபடி நிலத்தால் வகுங்கள். உழவர்களை மட்டும் அதே நிலத்தால் வகுத்தால் இன்னொரு எண் வரும். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால், குறைந்த கைகளே நிறைய பேருக்கு விளைவிக்கின்றன என்று பொருள். அங்கே எந்திரமும் பாசனமும் எந்த அளவில் இருக்கின்றன என்று அடுத்துத் தேடலாம்.

கேள்வி: 1:50,000 டோப்போஷீட்டை (நிலத்தோற்ற வரைபடத்தை) ஏ4-இலிருந்து ஏ3-க்குப் பெரிதாக்கினோம். தூரக் கணக்கு ஒத்துவரவில்லை. (மாணவர், நாமக்கல்)

அந்தப் பெரிதாக்கம் 141 விழுக்காடு. மூலத்தில் 1 கி.மீ.க்கு 2 செ.மீ. இருந்தது, பிரதியில் 2.83 செ.மீ. ஆகிவிட்டது. உண்மை அளவை இப்போது ஏறத்தாழ 1:35,400; அச்சில் மட்டும் 1:50,000 என்றே இருக்கும். அதை நம்பினால் தூரம் 1.41 மடங்கும் பரப்பு 2 மடங்கும் கூடுதலாக வரும். படத்தின் கீழே கி.மீ. குறித்திருக்கும் கோட்டளவை படத்தோடு சேர்ந்தே நீள்வதால் அதை வைத்து அளந்தால் தவறாது. பிரதியெடுக்கும்போது அந்தக் கோட்டை வெட்டிவிடாதீர்கள். வளைந்த சாலைக்குக் காகிதப் பட்டையின் விளிம்பை வைத்து, ஒவ்வொரு வளைவிலும் புள்ளியிட்டுத் திருப்பிக்கொண்டே போங்கள்.

கேள்வி: உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறதே? (வாசகி, கோவை)

அது வரைபடவியலாளர் மெர்க்கேட்டர் 1569-இல் கடலோடிகளுக்காக வகுத்த முறை. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துச் செல்லும் வழி அதில் நேர்கோடாக வரும். விலையாக, 60 டிகிரி அட்சத்தில் நீளம் 2 மடங்கும் பரப்பு 4 மடங்கும் ஊதிவிடும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் 14 மடங்கு பெரியது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சென்னையில் பரப்புப் பிழை 5 விழுக்காடுதான். உலக அளவில் அடர்த்திக்கு நிறம் தீட்டும்போது மட்டும் பரப்பைக் காக்கும் மால்வைடு அல்லது 2018-இல் வந்த ஈக்வல் எர்த் படத்தை எடுங்கள்.