கோடை மழையும் உழவர் சந்தையும்

கேள்வி: உழவர் சந்தையில் கீரையும் தக்காளியும் விற்கிறேன். சித்திரையில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் திடீரென மழை கொட்டுவதால் சரக்கு வீணாகிறது. என்ன செய்யலாம்?
– மதுரை மாவட்ட வாசகி

பதில்: 1999-இல் உங்கள் மதுரையிலேயே தொடங்கிய உழவர் சந்தையில் இடைத்தரகர் இல்லை என்பதால், வீணாகும் ஒவ்வொரு கட்டும் உங்களுக்கே நேரடி இழப்பு என்பதை உணர்கிறேன். நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாகத் திரள்வதால், கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பின்னரே பெய்கிறது. ஆகவே, வானம் கருக்கும் நாளில் தக்காளியை நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்துவிடுங்கள், ஏனெனில் வறண்ட மண்ணில் திடீரென நீர் இறங்கினால் பழுத்த பழம் வெடித்துவிடும். கீரையை விடியற்காலையில் அறுத்து, நீரை நன்றாக உதறி, சற்று நேரம் காற்றாடப் பரப்பிய பிறகே தளர்வாகக் கட்டுங்கள். சந்தையில் வெயில் ஏறியதும் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள்.