பழைய படத்தின் டிஸ்க் தரமானதா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை டிவிடி, புளூரேயில் வாங்கும்போது தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதலில் பார்ப்பது முகத்தை. ஒரு க்ளோஸப் வரும்போது நெற்றியையும் கன்னத்தையும் கவனியுங்கள். பொடி மணல் போல ஒன்று அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் பிலிமின் கிரெயின். பலர் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். படம் உருவானதே அந்தத் துகள்களால்தான். நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற கணினிச் சுத்திகரிப்பைப் போட்டு அதைத் துடைத்தால் தோலின் சுருக்கமும் புருவ மயிரும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்தது சட்டகம். பழைய படங்களில் பெரும்பாலானவை 1.37:1 அளவு, அதாவது உயரத்தைப் போல 1.37 மடங்கு அகலம், கிட்டத்தட்ட சதுரம். அகல டிவியை நிரப்ப மேலும் கீழும் வெட்டிவிடுவார்கள். ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்று ஒரு டிவிடி வாங்கினேன். நடனக் காட்சி முழுக்க ஆடுபவரின் சலங்கைக் கால் ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

சில இடங்களில் படம் திடீரென்று மங்கினால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் தீ விபத்தில் சிக்கியது. மிஞ்சிய சுருள்களுக்கு இத்தாலியின் போலோன்யாவில் ஈரமேற்றி, கையாலேயே ஒட்டுப்போட்டு 4கேயில் ஸ்கேன் செய்தார்கள். பயன்படாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். அப்படிச் சேர்த்த படத்தில் ஷாட்டுக்கு ஷாட் கூர்மை கொஞ்சம் மாறத்தான் செய்யும்.

அப்புறம் ஒலி. உறையில் 5.1 (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் ஒலி) என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அந்தக் காலப் படங்கள் அநேகமாக எல்லாமே மோனோதான், அதாவது ஒற்றைத் தடம்; மெனுவில் மோனோ இருந்தால் அதையே போடுங்கள். ஹெட்போனில் பாட்டு முடியும் இடத்தைக் கேளுங்கள். தம்புராவின் ரீங்காரம் மெல்லத் தேய்ந்து, பின்னால் லேசான இரைச்சலோடு அடங்கினால் நல்ல டிஸ்க். கத்தியால் நறுக்கியது போல நின்றால் இரைச்சலோடு இசையையும் வழித்தெடுத்திருக்கிறார்கள்.

பால் (PAL) என்ற டிவி முறைக்காகத் தயாரித்த டிவிடி என்றால் இன்னொன்று: நொடிக்கு 24 பிரேம் படம் 25ஆக ஓடும். 150 நிமிடப் படம் 144இல் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறியிருக்கும். தெரிந்த பாட்டு ஒன்றை வைத்துப் பாருங்கள், காது உடனே சொல்லிவிடும்.